பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவைப் பிரிவு. அங்கே ஜெபத்தக்காவுக்குப் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. பெரிய உருளை இஸ்திரி ஒரு பக்கம் ஈரத் துணியை விழுங்கி மறுபக்கம் சூடாகத் துப்பும். இந்த முனையில் அவள், அந்த முனையில் இன்னொருத்தி. நுனியைப் பிடித்து இழுத்து, உதறி, நடுவில் வந்து சந்தித்து, மடித்து அடுக்க வேண்டும். இயந்திரச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அவள் உதடு மட்டும் ஜெபத்தில் அசைந்துகொண்டே இருக்கும்.

ஒரு விரிப்புக்கு ஒரு குடும்பம் என்று கணக்கு, பாஸ்டர் வீட்டுக்கு மட்டும் இரண்டு. முதல் விரிப்பு எப்போதும் பாஸ்டருக்கு, அடுத்தது பாஸ்டரம்மாவுக்கு. பிறகு மூப்பர்கள், ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்கள், பாட்டுக் குழு, படுக்கையில் கிடக்கிறவர்கள், வேலை போனவர்கள், கோபித்துக்கொண்டு வராமல் இருப்பவர்கள் என்று மதிய மணி அடிப்பதற்குள் சபை முழுக்க ஒரு சுற்று வந்துவிடுவாள்.

"இன்னைக்கு யாரு தலையிலக்கா கை வைக்கிறீங்க?" என்பாள் எதிர்முனைக்காரி.

"உன் தலையிலதான். வாய் குறையட்டும்னு."

ஜெபத்தக்கா என்று பெயர் வைத்ததும் அந்த எதிர்முனைக்காரிதான். கேலியாக ஆரம்பித்தது, சபை வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. கணவர் லிப்ட் மெக்கானிக், சபையில் மூப்பர். "அவர் மனுஷங்கள மேல ஏத்துறார், அக்கா ஜெபத்த மேல ஏத்துறாங்க" என்று பாஸ்டரே ஒருமுறை மேடையில் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள்.

பாஸ்டர் மேல் அவளுக்கு இருந்தது வெறும் மரியாதை இல்லை. அவளுடைய அப்பா கடைசி நாட்களில் இதே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டு மணி பார்த்துக்கொண்டு கிளம்பினார்கள். வராந்தா பெஞ்சில் பேச்சில்லாமல் கூட உட்கார்ந்திருந்தவர் பாஸ்டர் ஒருவர்தான். அப்பாவுக்கு வாய் துடைத்துவிடக்கூட அவர் கூச்சப்படவில்லை. அந்த மனுஷனுக்காக தினமும் ஒரு விரிப்பு மடிக்கிற நேரம் கொடுப்பது அவளுக்கு ஒரு பெரிய காரியமாகவே படவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாஸ்டர் வீட்டு முன்னறையில் ஜெபக்குழு கூடும். பாஸ்டரம்மா, பள்ளிக்கூட டீச்சர், தையலக்கா, ஜெபத்தக்கா என்று நான்கே பெண்கள். ஒரு வெள்ளிக்கிழமை பாஸ்டர் டீ டம்ளரோடு உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"ஒரு ஜெபக்குறிப்பு சொல்லணும். மனசுக்குப் பாரமா இருக்கு. கர்த்தர் நம்ம சபையில ஒரு புது காரியம் செய்ய நினைக்கிறார். அதுக்கு உள்ள இருந்தே ஒரு தடை. ஒரு ஆள். பேர் சொல்ல மாட்டேன், சொன்னா புறங்கூறின மாதிரி ஆயிடும். அந்த ஆளை வழியை விட்டு விலக்கணும்னு ஜெபிங்க. அது போதும்."

பெயர் சொல்லாத அந்தப் பெருந்தன்மை அவளுக்குப் பிடித்திருந்தது. வழக்கம்போல பாஸ்டரம்மா அவளைத்தான் நடத்தச் சொன்னார். முழங்கால் போட்டாள்.

"ஆண்டவரே, அந்த மனுஷன் யாரா இருந்தாலும், எங்க ஊழியக்காரருக்கு முன்னாடி கல்லா கிடக்க விடாதேயும். நீரே எடுத்துப் போடும்."

சொல்லச் சொல்லக் கண்ணீர் வந்தது. மற்ற மூன்று பேரும் ஆமென் சொன்னார்கள்.

அன்று இரவு கணவர் கை கழுவும் தொட்டியில் விரலிடுக்கு கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, மூப்பர் குழுவுல யாராவது பாஸ்டருக்குக் குடைச்சல் குடுக்குறாங்களா?"

"குழுவுல பேசினத நான் வீட்டுல பேசறதில்ல. உனக்குத் தெரியாதா?"

"என்ன பேசினாங்கன்னு கேக்கல. அப்படி யாராவது இருக்காங்களான்னுதான்."

அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "குடைச்சல்னு யாரும் இல்லையே. எல்லாரும் தலையாட்டுற ஆளுங்க. நான்தான் அப்பப்ப ஏதாவது கேப்பேன்."

"நீங்க கேக்காம இருந்தாத்தான் அதிசயம். கல்யாணத்தன்னைக்கே மோதிரம் கழலாம இருக்குமான்னு இழுத்துப் பாத்த ஆளு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

வாரங்கள் போயின. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே குறிப்பு. கொஞ்ச நாளில் அவள் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு உபவாசம் இருக்க ஆரம்பித்தாள். யாராக இருக்கும் என்று நினைக்காமலும் இருக்க முடியவில்லை. டயர் கடை வைத்திருக்கும் மூப்பர் ஆராதனை நடுவில் எழுந்து வெளியே போவதைப் பார்த்து, இவராகத்தான் இருக்கும் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள். அவர் ஸ்தோத்திரம் சொன்னால் பதிலுக்கு ஒப்புக்கு உதட்டை அசைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். சர்க்கரை வியாதிக்காரர், அதனால் எழுந்து போகிறார் என்பதும் அவளுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் பாஸ்டர் சொன்னார். "நம்ம சபையில ஒரு சகோதரி இருக்காங்க. மத்தவங்களுக்காகத் திறப்பின் வாசல்ல நின்னு மன்றாடுறவங்க. அவங்க பாரத்தோட ஜெபிக்கிறதப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு." கணவர் அவள் முழங்கையை லேசாக இடித்தார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

அடுத்த சனிக்கிழமை மதியம் பாஸ்டர் கணவரை ஆலய அலுவலக அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். ஏதோ ஒலிபெருக்கி ரிப்பேர் என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவள் ஸ்டூலில் ஏறி, துவைத்த ஜன்னல் திரையை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமல் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். செருப்போடு அவர் வீட்டுக்குள் வந்து அவள் பார்த்ததில்லை.

"மூப்பர் பொறுப்புல இருந்து என்னை எடுத்துட்டாங்க."

"எதுக்குங்க?"

"பாஸ்டரோட மருமகனை உதவிப் பாஸ்டரா வைக்கப்போறாங்க. சபைக்கு முன்னாடி வச்சுக் கேட்டுட்டுச் செய்யலாம்னு சொன்னேன். ஒவ்வொரு கூட்டத்துலயும் அந்த ஒண்ணைத்தான் சொன்னேன். அந்தத் தம்பி நல்லவரா கெட்டவராங்கிற பேச்சுக்கே நான் போகல."

அவளுக்கு அவர் சார்பில் கோபம் பொங்கியது. "பாஸ்டருக்கு யாரோ உங்களைப் பத்தித் தப்பா ஏத்திவிட்டிருக்காங்க. நான் போய்ப் பேசறேன். என் பேச்சைக் கேப்பார்."

"இரு. இன்னொண்ணும் சொன்னார்." அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வருத்தப்படக் கூடாதாம். இது மனுஷன் எடுத்த முடிவு இல்லையாம். ஜெபத்துக்குக் கிடைச்ச பதிலாம். இதுக்காக மாசக்கணக்கா அழுது ஜெபிச்சது உங்க வீட்டுக்காரங்கதான், வேணும்னா போய்க் கேளுங்கன்னார்."

அவள் ஸ்டூலை விட்டு இறங்கினாள். திரை பாதி மாட்டியபடி தொங்கியது.

"அதான் கேக்கறேன்," என்றார் அவர். குரல் உயரவில்லை. "என்னை விலக்கணும்னா ஜெபிச்சே?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பேர் சொல்லவில்லை, ஒரு ஆள் என்றுதான் சொன்னார், சபையின் நன்மைக்கு என்றுதான் சொன்னார். சொல்லச் சொல்ல ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதுக்கே நொண்டியது.

"ஒரு ஆளை விலக்கணும்னு கேட்டிருக்கே. யாரு, என்ன செஞ்சான்னு கேக்கல."

"பாஸ்டர் சொன்னா சரியாத்தானே..."

"சாப்பிடாம வேற இருந்தே," என்றார் அவர். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை, இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி. "வயித்து வலின்னு நினைச்சு நான் மாத்திரை வாங்கிட்டு வந்தேன்."

பிறகு எழுந்து சமையலறைக்குப் போய் சோற்றைத் தானே சூடு பண்ணி, தானே போட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

வெளிச்சம் மறையுமுன் டீச்சர் வீட்டுக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளி, மாடி வீடு. டீச்சருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் மண்டைக்கு ஏறிய நாளில் இதே படிகளில் மூச்சிரைக்க ஏறி வந்தவள் அவள். கதவைத் திறந்த டீச்சர் அவள் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டாள். அதிலேயே பாதி தெரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

டீச்சர் பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ஆரம்பத்துலயே பாஸ்டரம்மா சொல்லிட்டாங்க. எனக்கும் தையலக்காவுக்கும். உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாங்க."

"ஏன்?"

"சொன்னா நீங்க நிறுத்திடுவீங்களாம். உங்க ஜெபத்துக்குத்தான் பதில் வரும்னு பாஸ்டர் சொன்னாராம். அதுவும் அந்த வீட்டுல இருந்தே ஜெபம் போனா அதுக்கு பலம் அதிகம்னு."

"நான் என் புருஷனைக் கல்லுன்னு சொல்லி அழறேன். நீங்க பக்கத்துல உக்காந்து ஆமென் சொன்னீங்க."

"மெதுவாத்தான்க்கா சொன்னேன்," என்றாள் டீச்சர்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

ஞாயிறு காலையில் கணவர் படுக்கையை விட்டு எழவில்லை. அவள் தனியாகப் போய், ஆராதனை தொடங்குமுன் அலுவலக அறைக் கதவைத் தட்டினாள். பாஸ்டர் கண்ணாடி முன் நின்று கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சிஸ்டர். வருவீங்கன்னு தெரியும். உக்காருங்க."

"நிக்கிறேன் பாஸ்டர்."

"நான் உங்ககிட்ட ஒரு பொய்யாவது சொன்னேனா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "இல்ல."

"பேரை மறைச்சது உங்களுக்காக. தெரிஞ்சிருந்தா அந்த பாரத்தை உங்களால சுமந்திருக்க முடியாது. பிரதர் மேல எனக்கு ஒரு கசப்பும் இல்ல. நல்ல மனுஷன். ஆனா சில நேரம் நல்லவங்களும் வழியில நிப்பாங்க. கர்த்தர் உங்களை எவ்வளவு பெரிய பாத்திரமா பயன்படுத்தியிருக்கார்னு பாருங்க."

"பாத்திரத்துக்கு வீட்டுக்குப் போய் முகத்தைப் பாக்க வேண்டிய புருஷன் கிடையாது பாஸ்டர். எனக்கு இருக்கார்."

பாஸ்டர் பெருமூச்சு விட்டார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே முகம், அதே கனிவு. அதுதான் அவளை நிலைகுலைய வைத்தது. முகம் கொஞ்சம் மாறியிருந்தால் இவர் வேறு ஆள் என்று தேற்றிக்கொண்டிருப்பாள்.

"நேரமாச்சு. ஒரு வார்த்தை ஜெபிக்கிறேன், கேட்டுட்டுப் போங்க," என்று கையை உயர்த்தினார். பழக்கதோஷத்தில் அவள் தலை தானாகக் குனிந்துவிட்டது. தன் கழுத்தின் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. பாஸ்டர் அவளுடைய குடும்பத்தின் சமாதானத்துக்காக, கசப்பு வேர் விடாமல் இருப்பதற்காக ஜெபித்தார். முடித்துவிட்டு ஆமெனுக்குக் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொல்லிக்கொண்டார்.

ஆராதனையில் அறிவிப்பு வந்தது. லிப்ட் பிரதர் நீண்ட சேவைக்குப் பின் ஓய்வு பெறுகிறார் என்றார்கள். சபை கைதட்டியது. தையலக்காவும் கைதட்டினாள். வெளியே வரும்போது டயர் கடை மூப்பர் செருப்பைத் தேடுகிற சாக்கில் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணனை நான் கேட்டதாச் சொல்லுங்க. அவர் பேசினது நியாயம்தான். நானும் வாயத் திறந்திருக்கணும். தைரியம் வரல."

இவரைத்தான் மாதக்கணக்கில் மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தாள். "சொல்றேன்ண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

திங்கட்கிழமை உருளை இஸ்திரி முதல் விரிப்பைத் துப்பியது. பழக்கத்தில் உதடு அசைந்து, பாஸ்டர் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டது. அவருக்கு என்ன கேட்பது? நல்லது கேட்க மனம் ஒப்பவில்லை. கெட்டது கேட்கப் பயமாக இருந்தது, கேட்டால் கிடைத்துவிடுமோ என்று. வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் ஜெபத்துக்கே அவள் பயந்தாள். நுனி கைநழுவி, விரிப்பு தரையில் விழுந்தது. எதிர்முனைக்காரி கண்ணால் கேட்டாள். இவள் தலையை ஆட்டிவிட்டு அதை அழுக்குக் கூடையில் போட்டாள்.

அவளை அதிகம் வதைத்தது வேறு ஒரு நினைப்பு. அந்த அறையில் மூன்று பெண்களுக்கும் தெரியும். பாஸ்டருக்குத் தெரியும். யாரிடம் அவள் அழுதாளோ அந்த ஆண்டவருக்கும் தெரியுமே. எல்லாம் தெரிந்தவர் என்றுதானே சின்ன வயதிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறாள். நீ கேட்பது உன் வீட்டுக்காரனைப் பற்றி என்று ஒரு கனவிலாவது சொல்லியிருக்கலாம், ஒரு சந்தேகத்தையாவது மனதில் போட்டிருக்கலாம். அவரும் அவர்களோடு சேர்ந்து பேசாமல் இருந்துவிட்டார். மனிதர்களிடமாவது போய்க் கேட்க முடிந்தது. இவரிடம் கேட்டால் அதற்கும் ஜெபம் என்றுதான் பெயர். அதுதான் கொடுமையாக இருந்தது. சலவை அறையின் சோடா நெடியில் நின்று நான்கைந்து நாள் அதையேதான் கேட்டாள். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. பாஸ்டரை விட்டுவிட்டு, படுக்கையில் கிடக்கிறவர்களிலிருந்து சுற்றை ஆரம்பித்தாள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

ஜெபக்குழுவுக்கு அவள் போகவில்லை. ஆலயத்துக்கு எப்போதாவது போவாள், கதவோரம் உட்கார்ந்து முதல் ஆளாக எழுந்து வருவாள். கணவர் போவதையே நிறுத்திவிட்டார். வீட்டில் பேச்சு இருந்தது. கேஸ் தீர்ந்தது, சட்டையில் பொத்தான் இல்லை என்கிற அளவுக்கு. சாப்பாட்டுக்கு முன் அவள் கண்ணை மூடி நன்றி சொல்லும்போது அவர் கண் திறந்தே இருக்கும். அவள் கண் திறக்கும்போதெல்லாம் அவர் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "எனக்காகவும் ஜெபிக்கிறியா?"

"தினமும்."

"என்னன்னு?"

"சொல்லவா?"

"சொல்லு. இனிமே சொல்லிட்டே கேளு."

"என் மேல உங்களுக்கு இருக்கிற வருத்தம் போகணும்னு."

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். "அது ஜெபத்துல போகாது. நாளாகும்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "முழங்கால் வலிக்கும் சேர்த்துக் கேளு. லிப்ட் குழிக்குள்ள இறங்கி ஏற முடியல," என்றார். அன்றிலிருந்து அவருக்கானதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். சில நாள் "அது வேண்டாம்" என்று தள்ளுபடியும் செய்வார்.

மருமகன் உதவிப் பாஸ்டராகி, மழைக்காலமும் வந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை மாலை பாஸ்டரம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். குடையை மடித்து ஓரமாகச் சாய்த்தார். இளைத்திருந்தார். உள்ளே கூப்பிட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை.

"நீங்க இல்லாம ஜெபக்குழு உயிரே இல்லாம இருக்கு. டீச்சரும் இப்பல்லாம் வர்றதில்ல. நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு வந்திருங்கக்கா. ரொம்ப முக்கியமான ஒரு ஜெபக்குறிப்பு இருக்கு."

"என்ன குறிப்பு?"

"அங்க வாங்க, பேசிக்கலாம்."

"இங்கயே சொல்லுங்கம்மா. யாரைப் பத்தி?"

பாஸ்டரம்மா குடைக் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் பயம் இருந்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. ஒரு கணம் இரக்கம்கூட வந்தது. அவள் காத்திருந்தாள்.

"பாஸ்டர் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்," என்றார் கடைசியில்.

"அப்ப என்னால முடியாதும்மா."

பாஸ்டரம்மா தலையசைத்துவிட்டு, படியிறங்கி, தெருமுனை வரை குடையை விரிக்காமலே தூறலில் நடந்து போனார். அவள் கதவைச் சாத்தினாள்.

உள்ளேயிருந்து கணவர் குரல் வந்தது. "யாரு?"

"பாஸ்டரம்மா."

"என்னவாம்?"

"ஜெபிக்க வரணுமாம்."

"எதுக்கு?"

"சொல்ல மாட்டேங்கிறாங்க."

அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் பாதி உரித்த வெங்காயம். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் முகத்தில் முதன்முறையாகப் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது.

"நான்தான் ஏற்கனவே போயாச்சே," என்றார். "இந்தத் தடவை நீயா இருக்கும்."

அவர் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் அப்படியும் இருக்கலாம் என்று தோன்றியது. கதவுத் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.